ஏழு ரூபாய் கிளிக்

செப்டம்பர் 3, 2024, செவ்வாய்

மாவு ஆட்டப் போட்டுவிட்டு மெயிலைத் திறந்தேன். ஆகஸ்ட் மாதக் கமிஷன் முழுவதும் ரத்து. கட்டணத் தேடல் விளம்பரம் வழியாக வந்தவர்கள் வாங்கியதற்குக் கமிஷன் கிடையாதாம். கணக்கு ஆய்வில் இருக்கிறது, அது முடியும்வரை புது லிங்க் எடுக்க முடியாது. நான்கே வரி. கீழே யார் பெயரும் இல்லை.

உளுந்து பொங்கி டிரம் விளிம்பைத் தொடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து சுவிட்சை அணைத்தாள். "என்ன கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றாள். எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நான் செய்வது தரகு. கோவை கணபதியில் உட்கார்ந்துகொண்டு, கிரைண்டரோ மிக்ஸியோ வாங்க நினைப்பவரை ஒரு பெரிய இணையக் கடைக்கு அனுப்புகிறேன். அவர் வாங்கினால் கடை எனக்குக் கமிஷன் தரும். அஃபிலியேட் வேலை என்பது இவ்வளவுதான். வாங்கப்போகிறவரை நான் பிடித்த இடம் கூகுள். "டேபிள்டாப் வெட் கிரைண்டர் விலை" என்று ஒருவர் தேடினால் மேலே என் விளம்பரம் நிற்கும். ஒரு கிளிக்குக்கு ஏழு ரூபாய். 35 பேர் கிளிக் செய்தால் ஒருவர் வாங்குவார். ஆக ஒரு கிரைண்டர் விற்க எனக்கு 245 ரூபாய் செலவு, கமிஷன் 330, கையில் நிற்பது 85. ஆகஸ்டில் 190 கிரைண்டர் போயிற்று. 16,150 ரூபாய் மிஞ்ச வேண்டிய மாதம். இப்போது 62,700 ரூபாய் வரவில்லை, கூகுளுக்குக் கொடுத்த 46,550 மட்டும் கிரெடிட் கார்டு பில்லில் நிற்கிறது.

85 ரூபாய் கிடைக்கும் என்று ஒவ்வொரு முறையும் 245 ரூபாயை முன்னால் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக லாபத்தை மட்டும் பார்த்தேன். முன்பணம் யாருடைய கையில் மாட்டியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 4, புதன்

கடையின் அஃபிலியேட் திட்டத்தின் ஒப்பந்தத்தை இன்றுதான் முதல்வரியிலிருந்து கடைசிவரி வரை படித்தேன். சேரும்போது "சம்மதம்" பெட்டியில் டிக் அடித்ததோடு சரி.

எங்கள் தொழிலில் எல்லாரும் "விளம்பரத் தடை" என்று ஒரே வார்த்தையில் பேசிக்கொள்கிறோம். படித்தால் அதற்குள் தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. கடையின் பெயரையோ, அந்தப் பெயரை மக்கள் தப்பும் தவறுமாக அடிக்கும் வடிவங்களையோ கீவேர்டாக, அதாவது நம் விளம்பரத்தை வரவழைக்கும் தேடல் வார்த்தையாக, ஏலம் எடுக்கக் கூடாது. தேடல் விளம்பரத்தைக் கிளிக் செய்தவரை நேராகவோ, ரீடைரக்ட் வைத்தோ கடைக்குள் தள்ளக் கூடாது. என் சொந்தத் தளத்துக்கு நான் விளம்பரம் செய்வதைப் பற்றி அங்கே தடை இல்லை. விளம்பரம் பார்த்து என் பக்கத்துக்கு வந்து, படித்து, தானாக லிங்க்கை அழுத்திப் போகிறவருக்குக் கமிஷன் உண்டு.

முதல் இரண்டு தவறையும் நான் செய்திருக்கிறேன். கடையின் பெயரோடு "கிரைண்டர்" என்று சேர்த்து ஏலம் எடுத்தது நான்தான். மலிவாகக் கிடைத்தது, நன்றாக விற்றது. விளம்பரத்தில் என் முகவரியைக் காட்டி, வந்தவரை ஒரு நொடிகூட நிற்கவிடாமல் கடைக்குத் திருப்பிவிட்டதும் நான்தான்.

இந்த விதி ஒரு கடையின் பிடிவாதமும் இல்லை, நேற்று வந்ததும் இல்லை. அமேசான் அசோசியேட்ஸ் என்ற தன் அஃபிலியேட் திட்டத்தை 1996 ஜூலையில் தொடங்கியது. வட அமெரிக்காவில் தேடல் விளம்பரத்திலிருந்து நேரே தன் கடைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்கு 2009 மே 1 முதல் கமிஷனை நிறுத்தியது. அதையே தொழிலாக வைத்திருந்தவர்களுக்குச் சில வாரம்தான் அவகாசம் கிடைத்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அங்கே நடந்தது கணபதியில் என் அடுப்படிக்கு இப்போது வந்திருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்து முடித்து, மதியம் ஒரு காகிதத்தில் கடையின் பக்கத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கோபம் தணிய அதுதான் வழி என்று தோன்றியது.

கடையும் கூகுளில் விளம்பரம் போடுகிறது. கூகுளின் ஏலத்தில் நாம் கொடுக்கும் விலையை நமக்குக் கீழே நிற்பவரின் கேட்புதான் பெருமளவு தீர்மானிக்கிறது. ஒரே வார்த்தைக்குக் கடையும் நானும் மோதினால் கடையின் கிளிக் விலை ஏறும். நான் முந்திவிட்டால், தனக்கே வந்திருக்கக்கூடிய ஆளுக்காகக் கடை எனக்குக் கமிஷன் கொடுக்கும். ஒரே இணைய முகவரிக்கு ஒரு தேடலில் ஒரு விளம்பரம்தான் காட்டப்படும் என்று கூகுள் 2005 ஜனவரியில் விதி கொண்டுவந்தது. அதன்பிறகு, நேராகக் கடைக்கு லிங்க் கொடுத்த அஃபிலியேட்டின் விளம்பரம் கடையின் சொந்த விளம்பரத்தையே வெளியே தள்ளும் நிலை வந்தது. கடைக்காரர் இடத்தில் நான் இருந்தாலும் தடுத்திருப்பேன்.

இதைவிட என்னை உலுக்கியது இணையச் சந்தையான ஈபே செய்த சோதனை. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் என்ற மூன்று பொருளாதார வல்லுநர்கள் அதைச் செய்தார்கள். 2012இல் ஈபே தன் பெயருக்கான விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம், விளம்பரம் இல்லாமலேயே கீழே இருக்கும் சாதாரண லிங்க் வழியாக வந்து சேர்ந்தது. காசு கொடுத்த கதவுக்குப் பக்கத்திலேயே சும்மா திறந்த கதவு இருந்திருக்கிறது. பிறகு ஈபேயின் பெயர் இல்லாத பொதுவான வார்த்தைகளுக்கும் அமெரிக்காவின் சில பகுதிகளில் விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். அடிக்கடி வாங்குகிறவர்கள் எப்போதும்போல வாங்கினார்கள். விளம்பரம் பயன்பட்டது புதிதாக வந்தவர்களிடமும், எப்போதாவது எட்டிப்பார்க்கிறவர்களிடமும்தான். இந்த ஆய்வு 2015இல் எகனாமெட்ரிகா இதழில் வந்தது.

கடையின் பெயரைத் தட்டித் தேடியவர் ஏற்கெனவே கடை வாசலில் நிற்கிறவர். அவருக்குக் கதவைக் காட்டிவிட்டு 330 ரூபாய் வாங்கினேன். 190இல் எத்தனை கிரைண்டர் அப்படிப் போனது என்று ரிப்போர்ட்டில் எண்ணினேன். 112. அந்த 112க்கு நான் எந்த வேலையும் செய்யவில்லை. மீதி 78 பேர் என்ன வாங்குவது என்று தெரியாமல் தேடியவர்கள். எனக்குக் கூலி நியாயமாகச் சேர வேண்டியது அவர்களிடத்தில் மட்டும்தான். அவர்களையும் ஒரு வரி படிக்கவிடாமல்தான் கடைக்குள் தள்ளியிருக்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

இதே தொழிலில் இருக்கும் ஒருவர் போன் செய்தார். "இதுக்கெல்லாம் பயந்தா முடியுங்களா அக்கா? ராத்திரி 11 மணிக்கு மேல விளம்பரத்தை ஓட்டுங்க. கடையோட ஆபீஸ் இருக்கிற ஊரை மட்டும் விலக்கிவிடுங்க. ஆள் எங்கிருந்து வந்தாங்கங்கறதை மறைக்க வழி இருக்குது. கணக்கை உங்க வீட்டுக்காரர் பேர்ல தொடங்கிக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

பதினைந்து நிமிடம் யோசித்தேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். 46,550 ரூபாய் கடன் இருக்கும்போது அந்த யோசனை இனிக்கத்தான் செய்தது.

ஈபேயின் அஃபிலியேட் திட்டத்தில் முன்வரிசையில் இருந்த இருவரின் வழக்கைப் பற்றி முன்பு படித்தது ஞாபகம் வந்தது. பார்வையாளர்களின் கணினியில் அவர்களுக்கே தெரியாமல், ஆளை அனுப்பியவர் யார் என்று காட்டும் குக்கியைத் திணித்து, தாங்கள் அனுப்பாத ஆட்களுக்குக் கமிஷன் வாங்கினார்கள். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2014இல் அமெரிக்க நீதிமன்றத்தில் சிறைத்தண்டனை பெற்றார்கள், ஒருவருக்கு 5 மாதம், இன்னொருவருக்கு 15 மாதம். அவர்கள் செய்ததும் போனில் வந்த யோசனையும் ஒன்றில்லைதான். ஆனால் ஆள் எந்த வழியாக வந்தார் என்பதை மறைத்துப் பணம் வாங்குவது இரண்டுக்கும் பொது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

"பிறர் பெயரைக் கீவேர்டாக ஏலம் எடுப்பது சட்டப்படி குற்றமா?" என்று என் தம்பி கேட்டான். அவனுக்குச் சட்டத்தில் ஆர்வம். நல்ல கேள்வி. நம் ஊர் வழக்கே இருக்கிறது.

பாரத்மேட்ரிமோனி தளத்தை நடத்திய சென்னை நிறுவனமான கான்சிம் இன்ஃபோ, கூகுள் மீதும் போட்டித் திருமணத் தளங்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் பெயரைத் தேடினால் போட்டியாளரின் விளம்பரம் வருகிறது என்பது புகார். 2010 செப்டம்பர் 30 அன்று நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். பாரத், தமிழ், மேட்ரிமோனி போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள், அவற்றை ஒருவர் முழுதாகத் தனக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது என்ற கோணம் அந்தத் தீர்ப்பில் முக்கியம். பிறகு 2023 ஆகஸ்ட் 10இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்தின் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது. வர்த்தகக் குறியைக் கீவேர்டாகப் பயன்படுத்துவது தன்னளவில் மீறல் ஆகாது, வாடிக்கையாளரைக் குழப்பினால் மீறல். கூகுளும் இதில் சும்மா வேடிக்கை பார்க்கும் இடைத்தரகர் இல்லை என்றது.

தம்பிக்குச் சந்தோஷம். "அப்போ நீ ஜெயிச்சுட்டே!" என்றான். இல்லை என்று சொன்னேன். அவை போட்டியாளர்களுக்கு இடையிலான வழக்குகள். நான் கடையோடு ஒப்பந்தம் போட்டவள். சட்டம் தடுக்காத ஒன்றை ஒப்பந்தம் தடுக்கலாம், தடுத்ததற்கு நான் சம்மதம் சொல்லியிருக்கிறேன். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கடைக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மிச்சமிருந்த கணக்கையும் இழந்தவர்கள் உண்டு.

இரவு கடைக்குக் கடிதம் எழுதினேன். எந்தெந்த வார்த்தைக்கு ஏலம் எடுத்தேன், எந்தத் தேதியில் நிறுத்தினேன், ரீடைரக்டை எப்போது நீக்கினேன் என்று ஒளிக்காமல் எழுதினேன். ஆகஸ்ட் கமிஷனில் கடையின் பெயர் வழியாக வந்த 112ஐ விட்டுக்கொடுக்கிறேன், மற்ற 78ஐப் பரிசீலியுங்கள் என்று கேட்டேன். கடைசியில் ஒரு கேள்வி: என் தளத்தின் கட்டுரைக்கு விளம்பரம் போடலாமா? எழுத்தில் பதில் வேண்டும்.

செப்டம்பர் 21, சனி

என் தளத்தை வெளியாள் கண்ணோடு பார்த்தேன். "சிறந்த 10 கிரைண்டர்கள்". பத்துப் படம், பெட்டியில் அச்சிட்ட விவரம், பத்து "வாங்க" பொத்தான். அந்தப் பத்தில் மூன்றைத்தான் நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படி வெறுமனே வேறு தளத்துக்குக் கடத்திவிடும் பக்கத்தைக் கூகுளின் விளம்பர விதியும் ஏற்பதில்லை, தேடல் விதிகளும் மெலிந்த அஃபிலியேட் பக்கம் என்று பெயர் சொல்லியே தாழ்த்துகின்றன. காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் பக்கத்துக்கு வாழ்வில்லை.

அம்மாவிடம் கேட்டேன், கிரைண்டர் வாங்கின பிறகு பொம்பளைகள் என்னதான் தவிக்கிறார்கள்? அவள் மூச்சுவிடாமல் அடுக்கினாள். கல் தூக்க முடியாமல் மணிக்கட்டு வலிப்பது. மாவு சூடாகி இட்லி கல்லாவது. நடுத்தண்டு வழியாகத் தண்ணீர் இறங்கி மோட்டார் கெடுவது. பிளக் போட்டால் சுற்றாமல் உறுமுவது. பக்கத்து வீட்டு மகள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன கிரைண்டர் அங்கே ஓடாதது.

இதில் ஒன்றையும் நான் எழுதியதில்லை! சுற்றாமல் உறுமினால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும், சின்னச் செலவு, மெக்கானிக் புது மோட்டார் என்று சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள். மோட்டார் ஓடி டிரம் நின்றால் பெல்ட். இங்கே 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். சின்ன டிராவல் அடாப்டரை நம்பி நம்ம ஊர் கிரைண்டரை அங்கே ஓட்டக் கூடாது, 110 வோல்ட்டுக்கென்றே செய்த கிரைண்டர்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்று முதல் தராசும் தெர்மாமீட்டரும் வைத்து எழுதப் போகிறேன். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒவ்வொரு கிரைண்டரிலும் அதே அளவு, அதே ஊறல் நேரம். ஆட்டி முடித்ததும் மாவின் சூடு எவ்வளவு, கல்லின் எடை எவ்வளவு, பக்கத்து அறையில் பிள்ளை தூங்க முடியுமா. தெரிந்தவர் வீடுகளில் இரவல் வாங்கினால் ஆறு கிரைண்டர் கிடைக்கும்.

ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியாக, "இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்" என்று தமிழில் போட்டேன். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் சமூக ஊடகங்களில் பொருளைப் பரிந்துரைப்பவர்களுக்கு 2021இல் வகுத்த விதியும் பணத் தொடர்பை மறைக்காதே என்பதுதான். அந்த வரியைப் படித்துவிட்டும் ஒருவர் அழுத்தினால் அந்தக் கமிஷனில் எனக்குக் கூச்சம் இருக்காது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எங்கள் வீதிக்கு இரண்டு வீதி தள்ளி இருக்கும் கிரைண்டர் பட்டறைக்குப் பொரி வாங்கிக்கொண்டு போனேன். லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் அந்தப் பெருமையைச் சுமக்கும் சின்னப் பட்டறைகளின் பெயர் தேடலில் பத்தாவது பக்கத்திலும் கிடைக்காது.

பட்டறைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். "வாங்க அம்மணி, உக்காருங்க" என்றார். என் வேலையைச் சொன்னேன். உங்கள் கிரைண்டரைச் சோதித்து நல்லது கெட்டது இரண்டையும் எழுதுவேன், என் வழியாக வந்தவர் வாங்கினால் ஒன்றுக்கு 400 ரூபாய் தாருங்கள் என்றேன்.

"கெட்டதும் எழுதுவீங்களா?"

"எழுதுவேனுங்க. எழுதலைன்னா நல்லதை யாரும் நம்ப மாட்டாங்க."

கொஞ்சநேரம் பொரியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "சரிங்க. மூடி லூசா இருக்குதுன்னு நாலு பேர் சொல்லிட்டாங்க. அதை மொதல்ல எழுதுங்க. நானும் மாத்திப்போடறேன்."

அவருடைய பெயரில் கூகுளில் விளம்பரம் போடலாமா என்றும் கேட்டேன். அவர் அங்கே எந்த விளம்பரமும் போடுவதில்லை. அவர் பெயரை அறியாதவரிடம் கொண்டுபோனால் அது அவருக்கு உண்மையான புது வாடிக்கையாளர். "தாராளமா போடுங்க அம்மணி. ஒண்ணே ஒண்ணு, விலையைக் குறைச்சு எழுதிப் போட்றாதீங்க. வந்தவங்ககிட்ட நான் பேச்சு வாங்கோணும்." ஒரு பக்கத் தாளில் எல்லாவற்றையும் எழுதினோம்: கமிஷன், எந்த வார்த்தைக்கு விளம்பரம், வாடிக்கையாளர் சொல்ல வேண்டிய குறியீட்டு எண், திருப்பிக் கொடுத்தால் என்ன, பணம் எந்தத் தேதியில். இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவர் தாளைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டுத் தந்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

உறுமும் கிரைண்டர் கட்டுரைக்கு ஆட்கள் வருகிறார்கள். அதில் விற்க ஒன்றுமே இல்லை. ஆனால் படித்தவர்களில் சிலர் "அடுத்து வாங்கினால் எது?" பக்கத்துக்கு நகர்கிறார்கள். கீழே வாட்ஸ்அப் சேனலுக்கு அழைப்பு வைத்தேன், ஒரே வாரத்தில் 64 பேர். விளம்பரத்தை நிறுத்தினாலும் இந்த 64 பேர் இருப்பார்கள். சேனலில் கடை லிங்க்கை நேராகப் போடுவதில்லை. அதையும் தடுக்கும் திட்டங்கள் உண்டு. கட்டுரைக்கு மட்டும் அழைக்கிறேன்.

தேடலை மட்டும் நம்புவதும் பழைய தவறுதான். கமிஷன் விகிதத்தை மட்டும் நம்புவதும் அப்படியே. 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் வீட்டுச் சாமான்களுக்கான விகிதத்தை 8 சதவீதத்திலிருந்து 3 ஆகவும், மளிகைக்கு 5லிருந்து 1 ஆகவும் குறைத்தது. அறிவித்த சில நாட்களில் அமலுக்கு வந்தது.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி முடிந்தது. அக்டோபர் கணக்கு. செப்டம்பர் இறுதியில் கடைக் கணக்கைத் திறந்துவிட்டார்கள், லிங்க் வேலை செய்கிறது. 27 கிரைண்டர், 8,910 ரூபாய். பட்டறையில் 9 கிரைண்டர், 3,600 ரூபாய். மொத்தம் 12,510. விளம்பரச் செலவு இல்லை. ஆகஸ்டில் வர வேண்டியிருந்த 16,150ஐவிடக் குறைவு, அதுவும் பண்டிகை மாதத்தில். இதை நல்ல மாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 12,510ஐச் சம்பாதிக்க 46,550 ரூபாயை யார் கையிலும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை.

நவம்பர் 20, புதன்

கடையிலிருந்து எழுத்தில் பதில். சொந்தத் தளத்தின் கட்டுரைக்குப் பொதுவான வார்த்தைகளில் விளம்பரம் போடலாம். கடையின் பெயரையும் அதன் பிழை வடிவங்களையும் தவிர்க்கும் வார்த்தைகளாக விளம்பரக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆகஸ்ட் கமிஷனில் எதுவும் திரும்ப வராது, அந்த 78உம் சேர்த்து. அது எனக்கு வலிக்கிறது, சரியில்லை என்றும் நினைக்கிறேன். அதை மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறேன்.

தவிர்க்கும் வார்த்தைகளாக 41 சேர்த்தேன். ஒரு நாளைக்கு 150 ரூபாய்க்கு மேல் போகாதபடி வரம்பு வைத்து, 110 வோல்ட் கட்டுரைக்கு மட்டும் விளம்பரம் தொடங்கினேன். கமிஷன் கைக்கு வந்த பிறகே அடுத்த மாத விளம்பரப் பணம்.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு உங்கள் ஒப்பந்தத்தைத் திறந்து, தேடல் விளம்பரம் பற்றிய பத்தியைப் படியுங்கள். புரியாத வரியைத் திட்டத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கார்டை எடுக்காதீர்கள். எனக்கு அந்தக் கார்டில் இன்னும் இரண்டு தவணை பாக்கி இருக்கிறது.